ரீமேக்: மறுவார்ப்பு

மேடைக்கு மேடை தாவி ஆடும் பழைய மேடைத்தாவல் ('பிளாட்ஃபார்ம்') வீடியோ கேம் ஒன்று கையடக்கப் பொறிக்குப் புது வடிவில் வந்தால், அதை மதிப்பிட்டு எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே 'ரீமேக்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு வேலைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. எந்த வேலை நடந்திருக்கிறது என்று தெரியாமல் ஆட்டத்தை எடைபோட்டால், பெயின்ட் அடித்த பழைய மோட்டாரைப் புது மோட்டார் என்று விலை பேசிய கதைதான்.

'மேக்' ஜெர்மானியக் குடும்பத்துப் பழஞ்சொல், 'ரீ' லத்தீனிலிருந்து வந்த முன்னொட்டு. 'மறுபடி செய்' என்பதற்கு மேல் அதில் நுட்பம் ஏதும் இல்லை. தமிழர் காதில் அது சினிமாச் சொல்லாகவே பதிந்திருக்கிறது. கொங்கு நாட்டுக்கு அதில் சொந்தப் பங்கும் உண்டு. கோவை பட்சிராஜா ஸ்டுடியோ 1954ல் 'மலைக்கள்ளன்' எடுத்தது. அதே கதை 1955ல் இந்தியில் 'ஆசாத்' ஆனது; தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களத்துக்கும் போனது. கதை அதேதான், நடிகர், மொழி, படச்சுருள் எல்லாம் வேறு.

இந்தச் சினிமாப் பொருளை அப்படியே வீடியோ கேமுக்குத் தூக்கி வந்ததில்தான் குழப்பம் தொடங்கியது. வேற்றுமொழி ரீமேக்கைப் பார்க்கிறவர் பெரும்பாலும் மூலப்படத்தைப் பார்க்காதவர். ஆட்டத்தின் ரீமேக்கை வாங்குகிறவரோ மூலத்தை விளையாடி முடித்தவர். எந்தக் குழியை எந்த நொடியில் தாண்ட வேண்டும் என்பது அவர் கட்டைவிரலுக்கே தெரியும். சினிமா ரீமேக்கை மூலத்தை மறந்துவிட்டும் ரசிக்கலாம். ஆட்டத்தின் ரீமேக்கை மூலத்தின் பக்கத்தில் வைத்துத்தான் அளக்க முடியும்.

நான்கு வேலைகளையும் பிரித்துச் சொல்லக் கோவைப் பவுண்டரிகளின், அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறைகளின், மொழி நன்றாக உதவுகிறது. முதலாவது, பழைய ஆட்டத்தின் நிரலை எடுத்து வேறு பொறியில் ஓடும்படி திருத்துவது. இது 'போர்ட்'. 'சுமந்து செல்' என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். நாற்றைப் பெயர்த்து நடுவதுபோல ஆட்டத்தைப் பெயர்த்து அமைப்பதால் 'பெயர்த்தமைப்பு' பொருந்தும். 'மொழிபெயர்ப்பு' என்ற பழஞ்சொல்லில் இருக்கும் அதே 'பெயர்'. இரண்டாவது, நிரலைத் தொடாமல், பழைய பொறியைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளை எழுதி, அதற்குள் பழைய கேசட்டின் தரவை ஓடவிடுவது. இதற்கு 'எமுலேட்டர்' என்று பெயர். தமிழில் 'போன்மி' எனலாம். மூன்றாவது 'ரீமாஸ்டர்'. இசைத்தட்டுத் தொழிலில் மூல ஒலிநாடாவை 'மாஸ்டர்' என்பார்கள். அதிலிருந்து துப்புரவாகப் புது மூலம் எடுப்பது ரீமாஸ்டர். பவுண்டரியில் இதற்கு இணையான வேலை ஃபெட்லிங். வார்த்த உருப்படியின் பிசிறைத் தட்டி, கிரைண்டர் பிடித்து, பெயின்ட் அடிப்பதோடு சரி, உருவம் மாறாது. ஆட்டத்துக்கு 'மெருகேற்றம்' என்றால் போதும்.

நான்காவதுதான் உண்மையான ரீமேக். பழைய உருப்படியை உருக்கிவிட்டுப் புது மோல்டில் ஊற்றுவது. நிரல், படம், ஓசை மூன்றும் புதிதாக எழுதப்படும். ஆட்டத்தின் எலும்புக்கூடு மட்டும் பழையது. 'மறுதயாரிப்பு' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன, ஆனால் அது ஆலையில் இன்னொரு முறை உற்பத்தி செய்வதையும் குறிக்கும். 'மீளுருவாக்கம்' என்றால் அழிந்ததைத் திரும்பக் கட்டுவது என்று படுகிறது. 'மறு ஆக்கம்' பிழையில்லை. சேர்த்து எழுதினால் 'மறுவாக்கம்' ஆகி 'வாக்கு' என்று கண் தடுக்கும். 'மறுவார்ப்பு' என்பதே நம் பரிந்துரை. வார்ப்பிரும்பு என்ற சொல் புழங்கும் ஊரில் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது. இன்னொரு பொருத்தமும் உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்கும், அலுமினியம் 13 மில்லிமீட்டர் வரை சுருங்கும். ஆகவே உலோகம் மாறினால், மோல்டுக்குக் குழி பதிக்கும் மாதிரி உருவான பேட்டர்னின் அளவையும் மாற்றியாக வேண்டும். ஆட்டம் டிவியிலிருந்து கையடக்கத் திரைக்குப் போகும்போதும் இதே கணக்கு வரும்.

மறுவார்ப்புக்கு இலக்கணம் வேண்டுமானால் அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தைப் பவணந்தி முனிவரின் ஊர் என்று கொங்கு நாட்டு மரபு சொல்லும். அவர் செய்த நன்னூல் வழிநூலை இப்படி வரையறுக்கிறது: "முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்." முதல்நூலின் முடிவோடு ஒத்துப் போக வேண்டும்; பின்னால் வருகிறவன் விரும்பும் வேறுபாடு இருக்க வேண்டும்; மரபு அழியக்கூடாது. ஆட்டத்தில் 'முடிபு' என்பதைக் கதையின் முடிவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொத்தானை இவ்வளவு நேரம் அழுத்தினால் இவ்வளவு உயரம் தாவும் என்பதும் ஒரு முடிபு. தொல்காப்பியம் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்காக வகுப்பதும் இங்கே பயன்படும். 1981ல் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டியாக வந்த 'டாங்கி காங்' நான்கே கட்டங்கள் கொண்டது. 1994ல் நின்டெண்டோவின் கையடக்கப் பொறியான கேம் பாய்க்கு வந்த அதே பெயர் ஆட்டம் அந்த நான்கையும் முதலில் தந்துவிட்டு, அதன்மேல் 97 புதுக் கட்டங்களை அடுக்கி 101 ஆக்கியது. விரித்தலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

'மேடைத்தாவல்' என்ற சொல்லுக்கும் இங்கே விளக்கம் வேண்டும். 'பிளாட்ஃபார்ம்' என்பது 'தட்டையான வடிவம்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்; ஆங்கிலத்தில் முதலில் வரைபடத்தையும் பிறகு உயர்ந்த சமதளத்தையும் குறித்தது. 1980ல் வந்த 'ஸ்பேஸ் பேனிக்' ஆட்டத்தில் ஏணியும் தட்டும் இருந்தன, தாவல் இல்லை. 'டாங்கி காங்' தாவலைச் சேர்த்தது. தொடக்கத்தில் இவற்றை 'ஏறும் ஆட்டம்' என்றும் அழைத்தார்கள். பின்னால்தான் 'பிளாட்ஃபார்ம்' நிலைத்தது. தமிழில் சிலர் 'தள ஆட்டம்' என்று எழுதுவது ஆகாது. தளம் ஏற்கெனவே இயங்குதளம், வலைத்தளம் என்று வேறு வேலைக்குப் போய்விட்டது. 'பல்தள ஆட்டம்' என்றால் பல பொறிகளில் ஓடும் ஆட்டம் என்றுதான் யாரும் படிப்பார்கள். மேடை என்பது மேடு என்ற சொல்லின் கிளை. மேட்டாங்காடு, மேட்டுப்பாளையம், மேட்டூர் என்று மேட்டைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாடு இது. 'கல்லா மண்ணா' ஆடிய பிள்ளைகளுக்கு இந்த வகை ஆட்டத்தின் உயிர் முன்பே தெரியும்: பிடிக்கிறவன் மண்ணைக் கேட்டால் கல்மேல் நிற்கும்வரை பாதுகாப்பு, மண்ணில் கால் பட்டால் ஆபத்து.

இனி அளவை. கையடக்க மறுவார்ப்பு பெரும்பாலும் திரையில்தான் கெடுகிறது. 1985ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஓடிய பொறியின் திரை 256×240 புள்ளிகள். ஒரு செங்கல் 16×16 புள்ளி. ஆகவே அகலத்தில் 16 செங்கல், உயரத்தில் 15 செங்கல் தெரியும். 1999ல் இதன் 'டீலக்ஸ்' வடிவம் கேம் பாய் கலருக்கு வந்தது. அதன் திரை 160×144. செங்கல்லின் அளவை அப்படியே வைத்ததால் 10 செங்கல் அகலமும் 9 செங்கல் உயரமும் மட்டுமே தெரிந்தன. பரப்பில் பார்த்தால் நூற்றுக்கு 37.5 பங்கு. ஈடுகட்ட, மேல் கீழ் விசைகளால் பார்வையை நகர்த்தும் வசதி கொடுத்தார்கள். நின்று பார்க்க அது உதவும். ஓடிக்கொண்டே தாவும்போது அது கைகொடுக்காது. எதிரி திரைக்குள் வரும் நேரமும் மோதும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். மறுபக்கம், சேமிப்பு வசதி வந்தது; ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து சிவப்பு நாணயங்களையும் ஒளித்து வைத்த ஒரு முட்டையையும் தேடும் சவால் வந்தது. காட்சி தொகுக்கப்பட்டு உள்ளடக்கம் விரிக்கப்பட்டதால் இது தொகைவிரி. ஆனால் உருவங்கள் பழையவை என்பதால் மறுவார்ப்பு என்று சொல்ல மாட்டோம். 'சேர்க்கையுடன் கூடிய பெயர்த்தமைப்பு' என்பதே சரியான பெயர். அப்படிச் சொல்வதில் அதற்குக் குறைவேதும் இல்லை.

'சூப்பர் மாரியோ வேர்ல்டு' கேம் பாய் அட்வான்சுக்குப் போனபோது அகலம் 16 செங்கல்லிலிருந்து 15 ஆனது, உயரமோ 14லிருந்து 10 ஆனது. ஆகவே அங்கே இழப்பு மேலும் கீழும்தான். நிறங்களும் வெளிறித் தெரியும். அந்தப் பொறியின் முதல் வடிவத்தில் திரைக்கு உள்விளக்கு இல்லாததால் வேண்டுமென்றே வெளிச்சமான நிறம் தீட்டினார்கள். அதை இன்றைய பின்விளக்குத் திரையில் பார்த்துவிட்டு 'சாயம் போயிடுச்சு' என்று குறை எழுதுவது முறையல்ல.

1996ன் 'சூப்பர் மாரியோ 64' 2004ல் இரட்டைத் திரைக் கையடக்கப் பொறியான நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்தது நல்ல மறுவார்ப்பு. விண்மீன்கள் 120லிருந்து 150 ஆயின. யோஷியில் தொடங்கி நான்கு பாத்திரங்கள் கிடைத்தன. விகற்பம் நிறையவே உண்டு. முடிபில்தான் உரசல். மூலத்தில் சாய்ப்புக் குச்சி (அனலாக் ஸ்டிக்) இருந்தது. லேசாகச் சாய்த்தால் மாரியோ பதுங்கி நடப்பார், முழுதாகச் சாய்த்தால் ஓடுவார். டிஎஸ்ஸில் எட்டுத் திசை விசைதான்; ஓடுவதற்குத் தனிப் பொத்தான். தொடுதிரையைக் குச்சிபோலப் பயன்படுத்தலாம் என்றாலும் விரல் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிவதில்லை. குறுகிய பாலங்களில் கால் தவறுவதற்குக் காரணம் இதுவே. 2006ல் சோனியின் கையடக்கப் பொறியான பிஎஸ்பிக்கு வந்த 'மெகா மேன் பவர்டு அப்' வேறு வழி கண்டது. 1987 ஆட்டத்தை முப்பரிமாண உருவில் மறுவார்த்து, இரண்டு புது எதிரித் தலைவர்களைச் சேர்த்து, பழைய அமைப்பையும் தனியே ஆடக் கொடுத்தது. மரபும் விகற்பமும் அடுத்தடுத்த அறையில் இருப்பதால் ஒப்பிடுவது எளிது. இப்படிச் செய்யும் மறுவார்ப்புகளுக்கு நாம் கூடுதல் மதிப்பெண் தருவோம்.

தாவலை அளக்கச் சிறந்த கருவி கைப்பேசிதான். நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதியில், கட்டைவிரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி படம் பிடியுங்கள். பொத்தான் கீழிறங்கும் படத்திலிருந்து பாத்திரத்தின் கால் தரையைவிட்டு எழும் படம்வரை எண்ணுங்கள். ஒரு படம் ஏறத்தாழ 4.2 மில்லிநொடி, நான்கு படம் சேர்ந்தால், நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) காட்டும் ஆட்டத்தின் ஒரு சட்டகம். பத்து முறை எடுத்து, மிகப் பெரியதையும் சிறியதையும் தள்ளிச் சராசரி பாருங்கள். மூலத்தையும் இப்படியே அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் எண்ணுக்குப் பொருள். அடுத்து, பொத்தானைத் தட்டிவிட்டு எடுத்தால் எத்தனை செங்கல் உயரம், பிடித்தே வைத்தால் எத்தனை என்று பாருங்கள். பிறகு மேடை விளிம்பைத் தாண்டி நடந்துவிட்டுத் தாவிப் பாருங்கள். பல புதிய ஆட்டங்கள் விளிம்பைக் கடந்த பின்னும் சில சட்டகங்கள்வரை தாவலை ஏற்கும். இதை 'விளிம்புச் சலுகை' எனலாம். மூலத்தில் இல்லாத சலுகையைச் சேர்த்தால் ஆட்டம் இளகும். அது குறையா நிறையா என்பது எழுதுகிறவர் முடிவு, ஆனால் சேர்த்திருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் ஊர் டிவி 'பால்' (PAL) என்னும் ஒளிபரப்பு முறையில், நொடிக்கு 50 புலம் (ஃபீல்டு) என்ற கணக்கில் ஓடியது. 60க்கு எழுதிய ஆட்டத்தைத் திருத்தாமல் 50ல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். 90களில் கேசட் போட்டு ஆடியவர், 'புதுசு ரொம்ப வேகமா ஓடுதுங்க' என்று சொன்னால் குறை புதுசில் இல்லாமல் இருக்கலாம். அவர் மனதில் இருக்கும் அளவுகோலே மெதுவானதாக இருந்திருக்கலாம்.

வலது அழுத்தும்போது பாத்திரம் திடீரென்று குனிந்தால் நிரலைத் திட்டும் முன் விசையைப் பாருங்கள். சிலுவை விசையின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ வலதும் கீழும் சேர்ந்து பதியும். பொறியைக் கழற்றத் தெரிந்தவர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ரப்பரின் கறுப்பு வட்டத்தையும் பலகையின் தொடுபுள்ளியையும் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

'கையடக்க' என்ற அடைமொழிக்கு மாற்றுத் தேட வேண்டாம். 'கைப்பேசி' தொலைபேசிக்குப் போய்விட்டதால் 'கைப்பொறி' குழப்பும். ஸ்டீம் டெக்கின் முதல் வடிவம் போன்ற, 298 மில்லிமீட்டர் அகலமும் 669 கிராம் எடையும் உள்ள பொறி கைக்குள் அடங்காதுதான். இருந்தாலும் கையடக்கப் பதிப்பு என்று நூலுக்குச் சொல்லிப் பழகிய சொல் தாங்கும்.

வினையாக எழுதும்போது 'மறுவார்த்த', 'மறுவார்த்து' என்றே எழுதுங்கள். 'மறுவார்ப்பு செய்த' வேண்டியதில்லை. பேச்சில், 'ஏனுங்க, இது மறுவார்ப்புங்களா, சும்மா மெருகுங்களா?' என்று கேட்டால் கேள்வி முழுதாகப் புரிந்துவிடும்.