ஒரே இரவில் முடியும் ஆயில் ஓவியம் எப்போது காய்கிறது?

ஓவியர் ஜாடே ஃபடோஜுடிமியின் படங்களைப் பார்த்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆயில் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும் என்கிறார்களே, அப்புறம் இவர் எப்படி ஒரே இரவில் படத்தை முடிக்கிறார்?"

ஃபடோஜுடிமி 1993இல் லண்டனில் பிறந்தவர். ஸ்லேட் கலைப் பள்ளியிலும் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டிலும் படித்தார். டேட் அருங்காட்சியகம் அவர் ஓவியத்தை வாங்கியபோது, அதன் சேகரிப்பில் இடம்பெற்றவர்களிலேயே அவர்தான் மிக இளையவர். 2022இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியிலும் பங்கேற்றார். ஜப்பானிய அனிமே மீது பெரும் பிரியம். பெரும்பாலும் இரவில் வரைவார். ஆளுயரத்தைத் தாண்டிய கேன்வாஸைக்கூட ஒரே மூச்சில் முடித்துவிடுவதுண்டு.

காயட்டும் என்று காத்திருக்காமல் ஈரத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தைப் போட்டால் ஒரே இரவு போதும். கோடுகளுக்கு ஆயில் ஸ்டிக் இருக்கிறது. எண்ணெயும் மெழுகும் நிறமியும் சேர்ந்த குச்சி அது. ஈரப் பரப்பிலும் இழுக்கலாம். ஆக, படத்தை முடிப்பது ஓவியரின் வேலை. காயவைப்பது காற்றின் வேலை.

அந்தக் காற்றின் வேலைதான் எனக்கு அலுக்காத அதிசயம். வாட்டர்கலரில் தண்ணீர் ஆவியாகிப் போனால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் பெயிண்டில் நடப்பது நேரெதிர்: எண்ணெய் ஆவியாவதில்லை, ஆக்சிஜன் உள்ளே வருகிறது. அதனால் காயத் தொடங்கும்போது பெயிண்டின் எடை கூடுகிறது!

ஆயில் பெயிண்டில் நிறமியைப் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயில்தான் குழைக்கிறார்கள். அந்த எண்ணெயில் பாதியளவு லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். அதன் கார்பன் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பனில் ஹைட்ரஜனின் பிடி தளர்ந்திருக்கும். அது பறிபோனதும் அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டிய ஆக்சிஜன் சும்மா இருக்காது, பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்த மூலக்கூறு தனக்கொரு ஆக்சிஜனைப் பிடிக்கும். இப்படியே வினை பரவும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கடைசியில் முழுப் பரப்பும் ஒரே வலையாகிவிடும். அதனால்தான் காய்ந்த ஆயில் பெயிண்டை மறுபடி எண்ணெயில் கரைக்க முடியாது.

சமையலறையில் சூரியகாந்தி எண்ணெய் டின்னின் வாயோரம் பிடிக்கும் பிசுக்கும் இதே வினைதான். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. அதில் வண்ணம் குழைத்தால் காயவே காயாது.

இந்த வினை வெப்பத்தையும் வெளிவிடும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் உள்ளே சூடு ஏறித் தானாகவே தீப்பற்றலாம். வரைகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

ஃபடோஜுடிமி அக்ரிலிக்கும் பயன்படுத்துகிறார். அது தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் வகை வண்ணம். அக்ரிலிக் மேல் ஆயில் போடலாம். ஆயில் மேல் அக்ரிலிக் போட்டால் நாளடைவில் உரிந்துவரும்.

காய்ந்த பிறகும் வேதிவினை ஓய்வதில்லை. துத்தநாக வெள்ளை என்ற நிறமி கலந்த பெயிண்டில், எண்ணெயின் அமிலத்தோடு துத்தநாகம் சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிறது. படலம் நொறுங்கத் தொடங்குகிறது. படத்தை ஏலத்தில் வாங்கக் கோடிகளைக் கொட்டுகிறவர்கள், அதைக் காப்பாற்றும் ஆய்வகத்துக்கும் ஒரு பங்கைத் தரவேண்டும் என்பது என் கருத்து. பழைய ஓவியத்தில் என்ன நிறமி என்று அறியத் துணுக்கெடுத்து ஆராய வேண்டியிருக்கிறது. இன்றைய ஓவியரிடம் எந்த ட்யூபைப் பிழிந்தார் என்று நேரில் கேட்டே எழுதிவைக்கலாம்.