பிளவாளுமையா, மனச்சிதைவா?

தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் எதிர்க்கட்சியைச் சாடுகிறார்: "காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. இது ஸ்கிசோஃப்ரீனியா!" டப்பிங் தொடர்களில் அதே சொல் 'பிளவாளுமை நோய்' ஆகிவிடுகிறது. இரண்டும் ஒரே தப்பின் பிள்ளைகள்.

சொல்லை ஆக்கியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், 1908இல். கிரேக்கத்தில் 'ஸ்கிசைன்' பிளத்தல், 'ஃப்ரேன்' மனம். அதற்கு முன் ஜெர்மன் மருத்துவர் கிரெப்பலின் இந்நோய்க்கு வழங்கிய பெயருக்கு 'இளமையிலேயே வரும் அறிவழிவு' என்று பொருள். எல்லாருக்கும் இளமையில் வருவதில்லை, எல்லாருக்கும் அறிவு அழிவதுமில்லை என்றுதான் பிளாய்லர் அதை மாற்றினார்.

அவர் சொன்ன பிளவு எண்ணத்துக்கும் எண்ணத்துக்கும், எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் நடுவே பிணைப்பு தளர்வது. "கோர்வையாப் பேச மாட்டேங்கிறான் டாக்டர்" என்று அம்மாக்கள் சொல்வார்களே, அது. ஓர் உடலில் இரண்டு ஆள் குடியிருப்பதாகச் சொல்லப்படுவது வேறொரு நோய். ஸ்கிசோஃப்ரீனியா வந்தவருக்கோ ஆளில்லாத அறையில் தன்னைத் திட்டும் குரல் கேட்கிறது. சோற்றில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று அசையாமல் நம்புகிறார். குளிக்கக்கூட மனமில்லாமல் முடங்குகிறார். இதில் இரண்டாவது ஆள் எங்கே? அகராதியில் 'பிளவு' கண்ணில் பட்டதும் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தை மூடிவிடுகிறார். விளைவு, வீட்டில் இருப்பவர் எந்த நேரம் இன்னொருவராக மாறுவாரோ என்று குடும்பம் வீணாகப் பயப்படுகிறது. 'உளப்பிளவை' என்று எழுதுவோரும் உண்டு. ஐயா, பிளவை என்பது சர்க்கரை நோயாளியின் முதுகில் வரும் கட்டி!

மருத்துவமனைகளில் ஊன்றிவிட்ட சொல் 'மனச்சிதைவு'. பிளவாளுமையைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. கருச்சிதைவு, சிதைந்த கோட்டை என்று நாம் சொல்வதெல்லாம் மீளாதவை. பிளாய்லர் விரட்டிய அறிவழிவு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. நோயோ அப்படி இல்லை. 1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்ததிலிருந்து, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகளால் பலருக்குக் குரல்கள் அடங்குகின்றன. மாத்திரையைத் தவறவிடுபவருக்கு மாதம் ஓர் ஊசி உண்டு. இரண்டு மருந்துக்கும் கேட்காவிட்டால் குளோசபின். அதற்கு வெள்ளணுக்களை ரத்தப் பரிசோதனையில் கவனித்துவர வேண்டும். முடக்கம் மட்டும் மருந்துக்கு அவ்வளவாக மசியாது. அதற்கு வேலைப் பயிற்சி வேண்டும், குடும்பத்துக்கு ஆலோசனை வேண்டும். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு இந்த மறுவாழ்வு வேலையைச் செய்துவருகிறது.

என் வாக்கு 'மனக்குலைவு'க்கு. நிலைகுலைந்தவர் நிமிர்வார், குலைந்த வரிசையைத் திரும்ப அடுக்கலாம். பிளாய்லரின் தளர்ந்த பிணைப்பும் இதில் அடங்கும்.

ஊன்றிய சொல்லை மாற்ற முடியாது என்பவர்கள் ஜப்பானைப் பார்க்கட்டும். அங்கே பழைய பெயர் அப்படியே 'மனம் பிளந்த நோய்'. குடும்பத்தினரின் சங்கம் கேட்டு, மருத்துவர் சங்கம் 2002இல் 'ஒருங்கிணைப்புத் தவறும் நோய்' என்ற பொருளில் மாற்றியது. அதன்பின் நோயாளியிடமே நோயின் பெயரைச் சொல்லும் மருத்துவர்கள் கூடினார்கள். இங்கே திரையில் எழுத்து ஓட்டுபவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லையென்றால், தனித்தமிழ்க்காரனான நானே சொல்கிறேன்: ஸ்கிசோஃப்ரீனியா என்றே எழுதித் தொலையுங்கள்.