ஹேர்: கட்டப்பஞ்சாயத்து அல்ல, குலவழமை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரத்துச் சோமாலியர்களைப் பற்றிய ஒரு தமிழாக்கத்தில் நேற்றும் அதே வரி: "கோர்ட்டுக்குப் போகாமல் கட்டப்பஞ்சாயத்தில் முடித்துக்கொள்கிறார்கள்." இந்தச் சொல்லை இந்த இடத்தில் நான் பார்ப்பது மூன்றாவது முறை. பொறுக்கவில்லை, எழுதுகிறேன்.

சோமாலி மூலச்சொல் ஹேர் (Xeer). 1972இல் சோமாலி மொழி ரோமன் எழுத்துக்கு மாறியபோது, அடித்தொண்டை ஹகரத்துக்கு எக்ஸ் என்ற எழுத்தை வைத்தார்கள். அது தெரியாதவர்கள் 'எக்ஸீர்' என்று எழுதுகிறார்கள். குலங்கள் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்டு, வாய்மொழியாகக் காத்துவரும் சட்டம் என்று பொருள். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

கட்டப்பஞ்சாயத்து என்றதும் நம் மனத்தில் வருவது யார்? வீட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டும் அடியாள், காதலித்தவர்களைப் பிரித்துவைக்கும் ஊர்க்கூட்டம். உச்ச நீதிமன்றமே 2011இல் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. அந்தச் சொல்லைப் போட்ட உடனே, விசாரணைக்கு முன்பே சோமாலியர் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

ஹேரில் நடப்பது வேறு. பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து, பழைய தீர்ப்புகளை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லி வாதாடுவார்கள். ஓர் ஆண் கொல்லப்பட்டால் ஈடு நூறு ஒட்டகம் என்பது பழைய கணக்கு. கொன்றவன் மட்டுமல்ல, அவன் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து கட்ட வேண்டும். பெண்ணுக்கு ஐம்பதுதான், அதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அது குறையுள்ள சட்டம், ரவுடித்தனம் அல்ல.

இது வெறும் சொல் சண்டை இல்லை. அடிபட்டவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசுவது ஹேரின்படி உறவினரின் கடமை. மினசோட்டா நீதிமன்றத்தின் கண்ணுக்கு அதுவே சாட்சியைக் கலைப்பதாகத் தெரியலாம். கட்டப்பஞ்சாயத்து என்று எழுதுபவர் இரண்டாவது பார்வையை மட்டும் நம்மிடம் கொண்டுவருகிறார்.

'மரபுச் சட்டம்' தவறில்லை. ஆனால் குலங்களுக்கு இடையிலான பேச்சு அதில் இல்லை. குலவழமை என்கிறேன் நான். யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்கச் சட்டமான தேசவழமையை டச்சுக்காரர்கள் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் அது செல்லும். நீதிமன்றம் மதிக்கிற வழக்கம் என்ற பொருள் 'வழமை'யில் முந்நூறு ஆண்டாக ஊறிக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் அடியாள் சொல்லைத் தேடிப் போகவேண்டும்?

அந்த ஒட்டகக் கணக்குக்கு மக் என்று பெயர். 'இரத்தப் பணம்' என்று எழுதுவது ஆங்கிலத்தின் நிழல். இழப்பீடு இருக்கும்போது உயிரீடு இருக்கக் கூடாதா?

அப்புறம் பெயர்கள். சோமாலியர் பெயரில் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்று இருக்கும். குடும்பப் பெயர் கிடையாது. பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பெயரை மாற்றுவதில்லை. அதே தமிழாக்கம் ஒரு பெண்ணைக் கடைசிவரை 'திருமதி அப்தி' என்றே அழைக்கிறது. அப்தி அவருடைய தாத்தா. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் நமக்கே இது புரியவில்லை என்றால் எப்படி?