கார்டு இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

வாக்காளர் அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது, தேர்தல் அன்று எடுத்துக்கொண்டு போனால் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். சாவடியில் முதலில் தேடுவது பட்டியலில் உங்கள் பெயரைத்தான். பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், ஆதாரையோ போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக்கையோ காட்டி ஓட்டுப் போடலாம். பெயரே இல்லையென்றால் அட்டை உதவாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும், வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் சிறப்பு தீவிரத் திருத்தம் (SIR) தொடங்கியது. வீட்டுக்கு வந்த படிவத்தைத் திருப்பித் தராதவர்கள் கட்டாயம் ஒருமுறை தேடிப் பாருங்கள். voters.eci.gov.in தளத்தில் பார்க்கலாம், 1950க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

புதிதாகச் சேர படிவம் 6. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் ஏதாவது ஒன்றில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று இருந்தால் போதும். கட்டணம் கிடையாது.

நம் கடலூர், புதுச்சேரி பக்கத்தில் அதிகம் குழப்புவது வீடு மாறுவதுதான். புதுச்சேரியின் பாகூரில் பிறந்த பெண் கடலூர் முதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். அம்மா வீட்டுப் பட்டியலில் பெயர் அப்படியே கிடக்கும். இங்கே யாராவது "புதுசா போட்டுடலாம்மா" என்று படிவம் 6-ஐ நீட்டுவார்கள். வாங்கி நிரப்பாதீர்கள். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி கூடாது, பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. இதற்கென்றே இருப்பது படிவம் 8. மாநிலம் மாறினாலும் இதே படிவம்தான். பழைய அட்டை எண்ணையும் புதிய முகவரியையும் எழுதிக் கொடுத்தால், பெயர் அங்கிருந்து இங்கே வந்துவிடும். பெயரில் எழுத்துப்பிழை, மாற்று அட்டை எல்லாவற்றுக்கும் இதுவே.

சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ, ஏதாவது ஓரிடத்தில் பதியலாம். தேர்தல் நேரத்தில் ஊருக்குப் போக முடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்பவர்களுக்கு வெகுதூரம் போக வேண்டாம், நம் காட்டுமன்னார்கோயிலே இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் தொல். திருமாவளவன் அங்கே தோற்றது வெறும் 87 ஓட்டில். ஒரு தெருவில் இருக்கிற ஓட்டு அவ்வளவுதான். யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பது அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஊரில் பெயர் விட்டுப்போன ஒவ்வொருவரும் அந்த முடிவில் தங்கள் பங்கை இழந்தார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: அங்கே 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். இடையில் 38 ஆண்டுகள் தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் கேள்வி கேட்க ஒரு வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே வரவில்லை.

தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்க முடியாது, விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும் சில நாள் பிடிக்கும். ஆன்லைன் ஒத்துவராதவர்கள் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். பெரும்பாலும் பள்ளி ஆசிரியரோ அங்கன்வாடி ஊழியரோதான் அந்தப் பொறுப்பில் இருப்பார். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அப்போது அந்தச் சீட்டு தேவைப்படும்.