சொல் விளக்கம்: ‘ஜட்ஜ் பண்ணாதீங்க’

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குப் பின்னால் தேத்தண்ணியும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலமும் இருக்கும். பாதி சபை அதற்காகவே கடைசி ஜெபம் வரை உட்கார்ந்திருக்கிறது என்று போதகரே கிண்டல் செய்வார். இந்தச் சொல்லிடம் நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் எங்கள் சபைப் பாட்டி ஒருவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரோ பார்த்துவிட்டார்கள். பேச்சு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. “ரெண்டு தோணியில கால் வச்சா இப்படித்தான்” என்று ஒருவர் சொன்னார். ஐந்தாம் படிவம் படிக்கும் பெண் ஒருத்தி, பொட்டலத்தைப் பிரித்தபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஜட்ஜ் பண்ணாதீங்க அங்கிள்” என்றாள்.

அந்த அங்கிள் நான்தான்.

வெட்கத்தை மறைக்க வேண்டுமே, “அதைத் தமிழில் சொல்லு பார்ப்போம்” என்றேன். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைதான். “தீர்ப்பு... சொல்லாதீங்க?” என்று இழுத்தாள். பக்கத்திலிருந்தவர் “நியாயந்தீர்க்காதிருங்கள்” என்று வேதாகம நடையில் எடுத்துக் கொடுத்தார். இரண்டுமே அவள் முதலில் சொன்னதைப் போலச் சுருக்கென்று தைக்கவில்லை. ஏன் தைக்கவில்லை என்று அன்றிலிருந்து தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

‘ஜட்ஜ்’ என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன லத்தீன் சொல். மூலம் ‘யூடெக்ஸ்’. அதில் இரண்டு துண்டுகள்: ‘யூஸ்’ என்றால் சட்டம், மற்றது ‘சொல்லுதல்’. ஆக, சட்டம் சொல்பவர். பிறப்பிலேயே அங்கி போட்ட சொல். நம் பிள்ளைகள் அதை நீதிமன்றத்திலிருந்து இறக்கி, நாசி லெமாக் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆனால் பிறரை நியாயந்தீர்க்காதீர்கள் என்று இயேசுவின் சொல்லாக மத்தேயு 7:1இல் நாம் வாசிப்பது லத்தீனில் எழுதப்பட்டதில்லை. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அங்கே இருக்கும் வினை ‘க்ரீனோ’. அதன் அடிப்படைப் பொருள் பிரித்தல், வேறாக்குதல். அதிலிருந்துதான் தேர்ந்தெடுத்தல், முடிவு செய்தல், தீர்ப்பளித்தல் எல்லாம் கிளைத்தன. விமர்சகரைக் குறிக்கும் ‘கிரிட்டிக்’, நெருக்கடியைக் குறிக்கும் ‘கிரைசிஸ்’ இரண்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். லத்தீனில் இதற்கு உறவான சொல்லுக்குச் சலித்தல் என்றே பொருள். நம் வீட்டு வேலையில் சொன்னால், முறத்தில் புடைப்பது, சல்லடையில் சலிப்பது. அதைச் செய்யாதே என்று யார் சொல்வார்கள்? புடைக்காத அரிசியில் கல் கடிபடும்.

அந்த அதிகாரத்தை மேலே வாசித்தால் இயேசுவும் அப்படிச் சொல்லவில்லை என்று தெரிகிறது. பதினைந்தாம் வசனத்தில் கள்ளத்தீர்க்கதரிசிகளைக் குறித்து எச்சரிக்கிறார். கனிகளினாலே அவர்களை அறிவீர்கள் என்கிறார். பிரித்துப் பார்க்காமல் கனியை எப்படி அறிவது? (இடையில் ஒன்று: தீர்க்கதரிசி என்பதில் உள்ள ‘தீர்க்க’ நம் ‘தீர்’ இல்லை. அது வடமொழி தீர்க்கம், நீளம். தொலைவு பார்ப்பவர் என்று பொருள். தீர்த்தமும் அப்படித்தான், வடமொழி. நானே பல வருடம் இரண்டையும் ஒரே மரத்தில் கட்டிவைத்திருந்தேன்.)

இந்தச் சிக்கலைத் தமிழில் பெயர்த்தவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். 1714இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ் சுவிசேஷங்கள் அச்சேறத் தொடங்கியதிலிருந்து பல கைகள் மாறி, ஹென்றி பவர் என்பவர் தலைமையில் 1871இல் ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. அதன் வழிவந்ததைத்தான் நம்மில் பெரும்பாலோர் இன்றும் கையில் வைத்திருக்கிறோம். அதில் இந்த வசனம் இப்படி இருக்கிறது: “நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்.” கிரேக்கத்தில் வெறும் வினைதான் உண்டு, ‘குற்றவாளி’ என்ற சொல்லே அங்கே கிடையாது. தமிழில் அதைச் சேர்த்து, எது கூடாது என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். யோவான் 7:24இல் அதே வினை வருகிறது. அங்கே “தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்” என்று, செய்யச் சொல்லியே பெயர்த்திருக்கிறார்கள். ஒரே வினை ஓர் இடத்தில் விலக்கு, இன்னோர் இடத்தில் கட்டளை. தமிழ் வாசகன் குழம்பக்கூடாது என்று யாரோ ஒருவர் விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சரி, ‘தீர்’ என்ற நம் சொல்லுக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடித்த இடம்.

அரிசி தீர்ந்துபோச்சு. கடன் தீர்ந்தது. தாகம் தீரக் குடித்தான். ஆசை தீரப் பார்த்தாள். வழக்கைத் தீர்த்து வைத்தார்கள். வைத்தியர் நோயைத் தீர்த்தார். ரௌடி ஆளைத் தீர்த்துவிட்டான். பாருங்கள், மருந்து கொடுப்பதும் கொலை செய்வதும் ஒரே வினை! எல்லாவற்றுக்கும் பொது, ஒன்று முடிவுக்கு வருவது. அதற்கு மேல் ஒன்றும் பாக்கியில்லை என்பது. நோயை அப்படி முடித்தால் சுகம், ஆளை அப்படி முடித்தால் பிணம். தீர்ப்பும் தீர்வும் இந்த வேரில் வந்த அண்ணன் தம்பிகள்.

மலாய்க்காரர்களோடு வாழும் நமக்கு இதில் இன்னொரு வேடிக்கை. மலாயில் நீதிபதி ‘ஹாக்கிம்’. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘ஹக்கீம்’ என்றால் யுனானி வைத்தியர். இரண்டும் ஒரே அரபு வேரில் பிறந்த இரண்டு சொற்கள். வழக்குத் தீர்ப்பவரும் நோய் தீர்ப்பவரும் அந்த மொழியிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி பின்னே போகிறது. உரியியலில் ஒரு நூற்பா: “தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட்டு ஆகும்.” தீர்த்தல் என்றால் விடுதல். நீங்குவது, போகவிடுவது. இன்று ‘தீர்ப்பு’ என்றதும் மரச்சுத்தியல் சத்தம் கேட்கிறது. அன்று அதே வேரில் கை தளர்த்தி விடுகிற ஓசை இருந்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு லூக்கா 6:37ஐ எடுத்தேன். குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்று தொடங்குகிறது. அதே வசனம் முடியும் இடம்: “விடுதலைபண்ணுங்கள், அப்பொழுது நீங்களும் விடுதலைபண்ணப்படுவீர்கள்.” தீரில் தொடங்கி விடுவில் முடிகிறது. பெயர்த்தவர்கள் தொல்காப்பியத்தை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை; கிரேக்கத்தில் உள்ளதைத்தான் தமிழாக்கினார்கள். இருந்தாலும், தற்செயலாக விழுந்த இந்தச் சோடியைப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அப்புறம் ‘தேர்’. ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம். ஆராய்வது, தெரிந்தெடுப்பது. க்ரீனோவின் பழைய பொருளுக்கு, அந்தச் சலித்துப் பார்க்கும் வேலைக்கு, தமிழில் நெருங்கிய சொல் இதுதான் என்பேன். திருக்குறள் 510இல் இரண்டும் சேர்ந்து வருகின்றன: “தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.” ஆராயாமல் ஒருவனை நம்பினாலும் தீராத துன்பம், ஆராய்ந்து நம்பியபின் சந்தேகப்பட்டாலும் தீராத துன்பம். பவுலும் 1 கொரிந்தியர் 2:15இல் ஆவிக்குரியவன் எல்லாவற்றையும் “ஆராய்ந்து நிதானிக்கிறான்” என்கிறார். அங்கே உள்ள கிரேக்கச் சொல்லும் க்ரீனோவுக்கு முன்னொட்டு போட்டதுதான். தேர்வது நம் வேலை. தீர்ப்பதற்கு நேரம் வேறு, ஆள் வேறு. “காலத்துக்குமுன்னே யாதொன்றைக்குறித்தும் தீர்ப்புச்சொல்லாதிருங்கள்” என்று அதே கடிதத்தில் நான்காம் அதிகாரம்.

தன் கண்ணில் உத்திரம் கிடக்க, சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்க்கிறவனைப் பற்றி அதே அதிகாரத்தில் வருவதை நீட்டவில்லை, எல்லாருக்கும் மனப்பாடம். ஒன்று மட்டும்: உத்திரத்தை எடுத்தபின் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றுதான் அந்தப் பகுதி முடிகிறது. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. குறள் 436, “தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றங் காண்கிற்பின்” என்று அதே வரிசையில் போகிறது. அது அரசனுக்குச் சொன்னது.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு வழக்கு உண்டு: ஆளை எடை போடுதல். தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு நாற்றம் உண்டு, பால் நாற்றம். மரம் வெட்டிப் பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வந்தால் கிராணி (தோட்டத்து எழுத்தர்) எடை எழுதுவார். ஆனால் எடை மட்டும் பார்த்தால் ஏமாறுவார்கள். மரப்பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். மழைத்தண்ணீரும் கலக்கும், சிலர் கையாலேயே கலப்பார்கள். அதனால் பாலில் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் விட்டு, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் போட்டுப் பார்ப்பார்கள். கருவி எவ்வளவு அமிழ்கிறது என்பதை வைத்து உள்ளே எவ்வளவு ரப்பர் என்று கணக்கு. “நீங்கள் மற்றவர்களுக்கு அளக்கிற அளவின்படியே உங்களுக்கும் அளக்கப்படும்” என்ற மத்தேயு வசனத்துக்குத் தோட்டத்து ஆளுக்குப் பிரசங்கமே தேவையில்லை.

பந்தியில் சாப்பிட்ட அந்தப் பாட்டி நாற்பது வருடம் பால் வெட்டியவர். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில், என் பேச்சு அவர் காதுக்குப் போய்விட்டதா என்று பார்க்கத்தான் போனேன். போயிருந்தது. தேத்தண்ணி கலக்கிக்கொண்டே சொன்னார்: “தாத்தா செத்தப்ப சபைக்காரங்க டவுன்லேருந்து வர மத்தியானம் ஆயிடுச்சு. காலையிலேயே பந்தல் போட்டு நாற்காலி இறக்குனது கோயில்காரங்கதான். அவங்க கூப்பிட்டு எல போட்டா, எந்திரிச்சு வரச் சொல்றியா தம்பி?”

ரோமர் 14 சோற்றைப் பற்றித்தான் பேசுகிறது. புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணவேண்டாம், புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கவேண்டாம் என்று. அடுத்த வசனம்: “மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?” பாட்டி இதையெல்லாம் எடுத்துக்காட்டவில்லை. சீனி போதுமா என்று மட்டும் கேட்டார். எனக்கு மெட்ரோலாக்தான் ஞாபகம் வந்தது.

இனி, தமிழில் என்ன சொல்வது? சடங்கான இடத்துக்கு ‘தீர்ப்பிடாதே’ சரி. கத்தோலிக்க நண்பர்கள் பிரசங்கத்தில் இயல்பாகச் சொல்வார்கள். ‘நியாயந்தீர்த்தல்’ கடைசி நாளுக்கே இருக்கட்டும், அங்கே அது கம்பீரமாக நிற்கிறது. ‘எடை போடாதே’ நல்ல சொல்தான். ஆனால் சரியாக எடை போடுவதில் தப்பில்லை என்பதால் குறி கொஞ்சம் தவறுகிறது. ‘முத்திரை குத்தாதே’ செய்தித்தாள் வாடை அடிக்கிறது. என் ஓட்டு ‘முடிவு கட்டாதே’ என்பதற்கு. வீட்டில் புழங்கும் சொல். தீர் என்பதன் உயிர், அதாவது முடித்துவிடுவது, அதற்குள் அப்படியே இருக்கிறது. யோசிக்காதே, பார்க்காதே என்று அது தடுக்கவில்லை. கட்டிப் பூட்டிவிடாதே என்கிறது.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். தொல்காப்பியம் வரை போனேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப ‘முடிவு கட்டாதீங்க அங்கிள்’னு சொல்லியிருக்கணுமா?”

“ஆமா.”

“ஓகே அங்கிள். ஆனா அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க கட்டிடுவீங்களே.”