நாத்திகம், ஆத்திகம், அறியொணாவாதம்: சொல் விளக்கம்

நாத்திகம் என்பது 'நாஸ்திக' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். 'அஸ்தி' என்றால் உண்டு. 'ந அஸ்தி' என்றால் இல்லை. உண்டென்பவன் ஆத்திகன், இல்லையென்பவன் நாத்திகன். எது உண்டு, எது இல்லை என்பதை இச்சொற்கள் கூறவில்லை. அந்த இடத்தை ஒவ்வொரு காலமும் தனக்கு முதன்மையாகப் பட்டதைக் கொண்டு நிரப்பிக்கொண்டது. பாணினியின் இலக்கணம் இவற்றை 'உண்டு என்னும் கருத்துடையவன்', 'இல்லை என்னும் கருத்துடையவன்' என்ற அளவில் நிறுத்த, பின்வந்த உரைகாரர்கள் அந்த உண்டையும் இல்லையையும் மறுமையோடு பொருத்தினர். மனுநூலோ வேதத்தை இகழ்பவனே நாத்திகன் என்றது. பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களில் வரும் அஜித கேசகம்பளர் கொடைக்கும் வேள்விக்கும் பயனில்லை, மறுமையும் இல்லை என்று மறுத்தவர். இவற்றுள் எதிலும் படைத்த கடவுள் ஒருவர் உண்டா என்ற கேள்வி மையமாக இல்லை.

இதனால்தான், படைப்புக் கடவுளை ஏற்காத பழைய சாங்கியமும் மீமாம்சையும் வேதத்தை ஏற்றதால் ஆத்திகத் தரிசனங்கள், அதாவது ஆத்திகத் தத்துவப் பிரிவுகள் ஆயின. பௌத்தமும் சமணமும் அறம், துறவு, வழிபாடு எல்லாம் உடைய சமயங்களாக இருந்தும் நாத்திக வரிசையில் வைக்கப்பட்டன. சேலம் மாவட்டத்தில் ஆத்தூருக்குக் கிழக்கே தலைவாசலை அடுத்த தியாகனூரில் தியானக் கோலத்தில் இருக்கும் பெரிய புத்தர் சிலைகளைப் பார்க்கிறவர்கள் இதைக் கருதிப் பார்க்க வேண்டும். அந்தப் பழைய பகுப்பின்படி அவை ஒரு நாத்திக மரபின் ஆசானுடைய உருவங்கள். அவற்றின் முன் நின்று ஊரார் கைகூப்புகிறார்கள். சமயமின்மையும் நாத்திகமும் ஒன்றே என்று எழுதும் வழக்கம் இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே தடுமாறிவிடும்.

தமிழில் இதே எதிர்மறை, கடன்சொல் இல்லாமலே அமைந்திருக்கிறது. 'உலகத்தார் உண்டென்பது இல்லென்பான்' என்று தொடங்கும் 850-ஆம் குறளில் வள்ளுவர் எது உண்டு என்று சொல்லவில்லை. பரிமேலழகரே கடவுளையும் மறுபிறப்பையும் இருவினைப் பயனையும் அங்கே கொண்டுவந்து பொருத்துகிறார். 'நாத்திகம் பேசி நாத்தழும்பு ஏறினர்' என்று மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் பாடும்போது சொல் தமிழ் உருவம் பெற்று, இறைவனை அடையும் வழியில் வரும் தடைகளுள் ஒன்றாக நிற்கிறது.

நாத்திகம் என்றாலே கடவுள் மறுப்பு என்ற இன்றைய பொருள் உறுதிப்பட்டதில் 19, 20-ஆம் நூற்றாண்டுகளின் பங்கு பெரிது. 1880-களில் சென்னையில் இலௌகிக சங்கத்தார் நடத்திய 'தத்துவவிவேசினி' இதழும், 1925-இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கமும் சொல்லை வசையின் இடத்திலிருந்து எடுத்துக் கொள்கையின் இடத்தில் வைத்தன. இதில் சேலத்திற்குத் தனி இடம் உண்டு. நீதிக்கட்சி 1944 ஆகஸ்டு 27 அன்று திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இங்கு கூடிய மாநாட்டில்தான். 1971-இன் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடும் இந்த ஊரில்தான் நடந்தது. அதே சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து நகராட்சித் தலைவராகவும் இருந்த இராஜாஜி உறுதியான ஆத்திகர். பெரியாரும் அவரும் கொள்கையில் எதிரெதிராக நின்றும் நட்பைக் கைவிடவில்லை என்பதை, இவ்விரு சொற்களையும் பகைமையின் பெயர்களாக மட்டும் படிப்பவர்கள் மறந்துவிடலாகாது.

மேனாட்டுச் சொல்லான ஏத்தியிசம், தெய்வத்தைக் குறிக்கும் 'தியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் முன் எதிர்மறை சேர்ந்து பிறந்தது. அதுவும் தொடக்கத்தில் பழிச்சொல்தான். உரோமத் தெய்வங்களை வணங்க மறுத்த முதல் கிறித்தவர்களையே அப்படிப் பழித்தார்கள். வேதமோ வினைப்பயனோ அல்லாமல் தெய்வமே அந்தச் சொல்லின் உள்ளே இருப்பதால், அதற்கு நேர்ச்சொல் இறைமறுப்பு அல்லது கடவுள் மறுப்பு. நாத்திகம் என்று எழுதுவதும் இன்று பிழையன்று. ஆனால் பழைய தத்துவ நூல்களைப் பற்றி எழுதும்போது இரண்டையும் ஒன்றாக்கினால் பொருளே புரண்டுவிடும்.

அக்னாஸ்டிசிசம் என்பதற்குத்தான் தமிழில் உண்மையான இடர்ப்பாடு. இச்சொல்லை 1869-இல் ஆக்கியவர் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. 'நோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு அறிவு என்று பொருள். அதன் எதிர்மறையே இச்சொல்லின் அடி. கடவுள் உண்டு என்போரும் இல்லை என்போரும் தத்தம் முடிவை உறுதியாக அறிந்ததாகக் கூற, தமக்கு அத்தகைய அறிவு இல்லை என்பதை அவர் ஒரு நெறியாகவே முன்வைத்தார்: சான்றால் நிறுவப்படாததை உறுதியென்று கூறாதே என்பதே அந்நெறி. ஆகவே ஐயவாதம், சந்தேகவாதம் என்ற பெயர்ப்புகளை நான் ஏற்பதில்லை. அவை ஊசலாடும் மனத்தைக் காட்டுகின்றனவே ஒழிய ஓர் ஒழுங்கைக் காட்டவில்லை. அறியாமைக் கொள்கை என்பது அதைவிடக் குறையுடையது, ஏனெனில் அறியாமை தமிழில் பழிப்பும் ஆகும்.

அறியொணாவாதம் என்பதே எனக்குத் தகுதியாகப் படுகிறது. இருப்பினும் அதை எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். அறிய ஒண்ணாதவன் என்று இறைவனைப் போற்றுவது நம் பக்தி இலக்கியத்தின் உயிர்நிலை; 'நோக்கரிய நோக்கே, நுணுக்கரிய நுண்ணுணர்வே' என்னும் சிவபுராண அடிகளைப் பாடுபவர் அறியொணாவாதி அல்லர். அவர் இருப்பை ஏற்று, இயல்பை அளக்க முடியாது என்கிறார். அறியொணாவாதி இருப்பையே அறிந்துவிட்டதாகச் சொல்ல மறுக்கிறார். இதனால் 'வாதம்' என்னும் ஈற்றை விட்டுவிட்டு அறியொணாமை என்று மட்டும் எழுதினால் இரண்டும் கலந்துவிடும். இனி, 'ஒணா' என்பது ஒருபோதும் அறிய முடியாது என்றும் பொருள்படும். ஹக்ஸ்லியின் நெறியோ இதுவரை அறியப்படவில்லை என்பதற்கும் இடம் கொடுக்கிறது. எழுதுபவர் எதைக் குறிக்கிறார் என்பதை உடன் சொல்லிவிடுவது நல்லது.

நம்பிக்கை என்னும் சொல் இவற்றினும் வேறு. ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வருபவர்களிடையே, வேண்டுதலோடு வருபவரும் உண்டு, வீட்டார் அழைத்ததால் வருபவரும் உண்டு. 'சாமி கும்பிடுவார்' என்று ஊரில் சொல்வது ஒழுகலாற்றைப் பற்றிய கூற்று. 'சாமி நம்பிக்கை உண்டு' என்பது உள்ளத்தைப் பற்றியது. 'சாமி இருப்பது எனக்குத் தெரியும்' என்பது அறிவைப் பற்றியது. ஆத்திகமும் இறைமறுப்பும் நடுவிலுள்ள கேள்விக்கு விடைகள். அறியொணாவாதம் மூன்றாவதற்கு விடை. ஆகவே அதை ஆத்திகத்துக்கும் இறைமறுப்புக்கும் இடைப்பட்ட பாதித்தூரம் என்று விளக்குவது தவறு. அறிய முடியாது என்று ஒப்புக்கொண்டு நம்புகிறவரும், அறிய முடியாது என்று ஒப்புக்கொண்டு நம்பாதிருப்பவரும் உண்டு. முன்னவரை அறியொணா ஆத்திகர் என்றும் பின்னவரை அறியொணா நாத்திகர் என்றும் தமிழில் தடையின்றி எழுதலாம்.