கம்பியில் தொங்கும் கை எதை அளக்கிறது?

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தி, இந்தக் கோடை விடுமுறையில் வீட்டிலிருந்த எல்லோரும் ஆளுக்கு ஒருமுறை தொங்கிப் பார்த்தோம். பத்து வயதான அண்ணன் மகன் ஒன்றேகால் நிமிடம் தொங்கினான். 74 கிலோ எடையுள்ள நான் 41ஆவது வினாடியில் இறங்கிவிட்டேன். அவன் கை என் கையைவிட வலுவானது என்று இதற்குப் பொருளில்லை. பிறகு அந்த வினாடிகள் எதைத்தான் அளக்கின்றன?

குழாயைப் பற்றியிருப்பவை விரல்கள். வலி எடுப்பதோ முழங்கைக்குக் கீழே, முன்கையின் உட்புறத்தில். விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டின் குறுகிய சுரங்கத்துக்குள் நுழைந்து, விரலெலும்புகளை ஒட்டியுள்ள வளையங்களின் வழியாக விரல் நுனிவரை ஓடுகின்றன. கிணற்று ராட்டினம் கயிற்றைத் தடம் மாறாமல் வைத்திருப்பதுபோல, விரல் மடங்கும்போது தசைநாண் எலும்பைவிட்டு விலகிவிடாமல் இந்த வளையங்களே பிடித்துவைக்கின்றன.

தொங்கும்போது இத்தசைகள் நீளவோ குறுகவோ செய்யாமல், ஒரே இறுக்கத்தில் நிற்கின்றன. இறுகிய தசைக்குள் அழுத்தம் ஏறி, அதனூடே செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிக்கிறது. உச்ச வலுவில் பாதிக்குமேல் இறுக்கினால் இரத்த ஓட்டம் பெருமளவு தடைப்பட்டுவிடுகிறது. இதற்கு மேல் இன்னொரு பாதகமும் உண்டு. கை தலைக்கு மேலே இருப்பதால், இதயத்திலிருந்து மேலே செல்லும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 0.77 மில்லிமீட்டர் பாதரசம் குறைகிறது. 40 சென்டிமீட்டர் உயரத்தில் சுமார் 30 குறைந்துவிடும். அதாவது இரத்தம் அதிகம் தேவைப்படும் இடத்துக்கு, அதைத் தள்ளிவிடும் அழுத்தம் குறைவாகவே போய்ச் சேருகிறது.

இரத்தம் வராத தசை கையிருப்பை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். முதலில், உடனடி ஆற்றலுக்காகத் தசையில் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் கரைகிறது; பிறகு தசையில் சேமிக்கப்பட்ட சர்க்கரையான கிளைகோஜன் ஆக்சிஜன் இல்லாமலேயே உடைக்கப்படுகிறது. தசைக் களைப்புக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. கிரியேட்டின் பாஸ்பேட் உடையும்போது தேங்கும் பாஸ்பேட்டுக்கு அதைவிடப் பெரிய பங்குண்டு என்றே இப்போது கருதப்படுகிறது: அது தசை இழைகளின் இழுவிசையைக் குறைக்கிறது, இழைகளை இயக்கும் கால்சியம் வெளிவருவதையும் தடுக்கிறது.

கிணற்றில் நீர் இறைத்துப் பழகியவர்கள் பல வாளிகளைச் சேந்தியும் சோராததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. இடக்கை இழுக்கையில் வலக்கை தளர்கிறது, அந்த ஓரிரு நொடியில் இரத்தம் உள்ளே பாய்ந்துவிடுகிறது. தொங்கும் கைக்கு அந்த இடைவெளி இல்லை. ஊருணிக்கரை மரத்தில் பகல் முழுவதும் தொங்கும் பழந்தின்னி வௌவாலோ இந்தச் சிக்கலையே தவிர்த்துவிட்டது; அதன் உடல் எடையே தசைநாணை இழுத்து, சொரசொரப்பான உறைக்குள் பூட்டிவிடுவதால், நகங்களை மடக்கி வைத்திருக்கத் தசை உழைக்கத் தேவையில்லை. இறந்த வௌவால்கூடக் கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நம் கைக்குப் பூட்டு இல்லாததால், முடிவு செய்வது பளுவுக்கும் வலுவுக்கும் உள்ள விகிதமே. என் எடையில் கைக்கு 37 கிலோ, அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றரை வீதம் தொங்குகிறது. உச்ச வலுவில் பாதியைத் தொடர்ந்து செலுத்தினால் சுமார் ஒரு நிமிடமே தாங்கும் என்று ஜெர்மானியரான வால்டர் ரோமெர்ட் 1960-இல் வெளியிட்ட வளைகோடு காட்டுகிறது. பளு சற்றே குறைந்தாலும் நேரம் அதைவிட வேகமாக நீள்கிறது. உடலின் நீள அகலங்கள் இரட்டித்தால் தசையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். சிறுவர்கள் பெரியவர்களை எளிதில் வெல்வதற்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் போதுமானது.

கையால் இறுக்கிப் பிடித்துப் பிடிவலுவை அளக்கும் கருவியான கைப்பிடி அளவுமானி காட்டுவது வேறு செய்தி. 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், பிடிவலு 5 கிலோ குறையும்தோறும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. அங்கே அளந்தது உச்ச வலுவை. தொங்கும் நேரத்துக்கு அந்த எண்ணைப் பொருத்திப் பேசுவது தவறு.

ஆகவே இச்சோதனையில் ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடுவதைவிட, அதே ஆளை அதே குழாயில் மாதம் ஒருமுறை அளப்பதே பொருளுள்ளது. குழாயின் பருமன் முக்கியம்: கடையில் ஒரு அங்குலம் என்று கேட்டு வாங்கும் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் உண்மையில் சுமார் 33 மில்லிமீட்டர், உடற்பயிற்சிக் கூடக் கம்பிகள் பெரும்பாலும் 28 முதல் 32 வரை. பருமன் கூடக் கூட விரல்கள் விரிந்து, பிடி உள்ளங்கையிலிருந்து விரல் நுனியை நோக்கி வழுக்கும். வியர்வை அதைத் துரிதப்படுத்தும். குழாயைத் துடைத்து, கட்டைவிரலை எதிர்ப்பக்கம் சுற்றி, தோள் அகலத்தில் பிடித்து, முக்காலியிலிருந்து கால் விலகிய நொடி முதல் ஒரு கை விடுபடும் நொடி வரை எண்ண வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. இறுகிய பிடி இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதால், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இதில் இறங்க வேண்டும்.